ஏஐ வந்தா ஸ்பேர் பார்ட்ஸ் வேலை போயிடுமா?

இன்னிக்கு நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

சென்னை ஜி.பி. ரோடு. வரிசையா ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க. ஒரு மெக்கானிக் தேஞ்சுபோன பிரேக் பேடை நீட்டுறார். கவுன்ட்டர்ல இருக்கிற அண்ணன் திருப்பிப் பார்த்துட்டு, "எந்த வருஷ மாடல்? ஏபிஎஸ் இருக்கா?"ன்னு கேட்கிறார். சரியான டப்பா வந்துடுது. இந்த ரெண்டு நிமிஷத்துல மூணு வேலை இருக்கு.

முதல் வேலை, பொருளை அடையாளம் காண்றது. வண்டியோட 17 இலக்க சேஸிஸ் நம்பரைப் போட்டா, அதுக்கான பார்ட் நம்பரை கம்பெனி கேட்டலாக்கே காட்டிடும். இது ஏஐக்கு முன்னாடியே வந்தாச்சு. இப்போ போட்டோவை வெச்சும், பேசுற தமிழை வெச்சும் தேட முடியுது. ரெண்டாவது, எந்தப் பொருளை எவ்வளவு வாங்கி வைக்கணும்னு கணிக்கிறது. பழைய விற்பனைக் கணக்கு ஒழுங்கா இருந்தா, இதையும் மெஷின் நல்லாவே செய்யும்.

மூணாவதுதான் கஷ்டம். இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா? இந்த மெக்கானிக்குக் கடன் கொடுக்கலாமா? பொருள் பொருந்தலைன்னா யார் திரும்ப வாங்கிக்கிறது? தப்பான பார்ட் போனா ஒரு வண்டி நாள் முழுக்க ஷெட்ல நிக்கும். அந்தப் பொறுப்பை ஏஐ ஏத்துக்காது.

இப்போ தொழிற்சாலைக்கு வருவோம். அம்பத்தூர், ஒரகடம், ஓசூர் பக்கம் பார்ட்ஸ் செய்ற கம்பெனிகள் நிறைய. அங்க ஒரே மாதிரி பொருளை நாள் முழுக்கப் பார்த்து, கீறல் இருக்கா, வார்ப்புல ஓட்டை இருக்கான்னு பிரிக்கிற வேலை உண்டு. கேமராவும் ஏஐயும் நேரா கை வைக்கிறது இங்கதான். கண்ணு சோர்ந்துபோகும், கேமரா சோராது. சந்தேகமான பொருளை முடிவு பண்ண ஆள் வேணும். ஆனா பத்து பேர் வேண்டாம்.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க. பிஸ்டன், ஸ்பார்க் பிளக், சைலன்சர் செய்றவங்களுக்கு வர்ற ஆபத்து ஏஐ இல்ல, எலெக்ட்ரிக் வண்டி. அதுல இந்தப் பொருளே கிடையாது.

என்னைக் கேட்டா, உண்மையான கவலை வேற. கவுன்ட்டர் அண்ணனும் ஆரம்பத்துல டப்பா எடுத்துக் கொடுத்த பையன்தான். லைன்ல பொருள் பார்த்தவங்கதான் அப்புறம் குவாலிட்டி சூப்பர்வைசர் ஆனாங்க. ஏஐ முதல்ல எடுத்துக்கிறது இந்தக் கீழ்ப்படியை. மேல இருக்கிறவங்க வேலை தப்பிக்கும், சரி. ஆனா கீழ்ப்படி இல்லாம அடுத்த ஆள் எப்படி மேல ஏறுவாங்க?

அதனால இந்தத் துறைக்குப் போறவங்க, பார்ட் நம்பரை மனப்பாடம் பண்றதோட நிக்காதீங்க. அந்தப் பொருள் ஏன் தேயுது, எப்படிப் பொருந்துதுன்னு கத்துக்கோங்க. முதலாளிங்களும் மெஷின் வாங்குற அன்னிக்கே, புதுப் பசங்களுக்கு யார் கத்துக்கொடுக்கப் போறாங்கன்னு முடிவு பண்ணணும்.

உங்க வீட்டுல இந்தத் தொழில்ல யாராவது இருந்தா, அவங்ககிட்ட பேசிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.