ஜல்லி போட்டால் தண்ணீர் வடியுமா?

பழைய பலகைகளை அறைந்து மாடித்தோட்டத்துக்குப் பெட்டி செய்பவர்கள், அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ பரப்பிவிட்டுத்தான் மண்ணைக் கொட்டுகிறார்கள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்புகிறார்கள். நடப்பதோ நேர்மாறு.

மண்துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஜல்லிக்கற்களுக்கு இடையிலுள்ள பெரிய சந்துகளுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அதனால் மேலே உள்ள மண் முழுக்க ஊறி, இனித் தாங்காது என்ற நிலை வந்த பிறகே நீர் ஜல்லிக்குள் இறங்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த மண் இயற்பியலாளர் வால்டர் கார்ட்னர் 1950களில் இதைப் படம்பிடித்தே காட்டினார். பெட்டியின் அடியில் எப்படியும் ஓர் ஈர அடுக்கு தங்கத்தான் செய்யும். ஜல்லி அதை அகற்றுவதில்லை, வேரை நோக்கி மேலே ஏற்றிவிடுகிறது.

அங்கே வேருக்கு மூச்சு முட்டுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். வேர் அழுகத் தொடங்கியதும் இலை துவளும். அதைப் பார்த்து, செடிக்குத் தாகம் என்று இன்னும் இரண்டு குவளை ஊற்றுகிறோம். ஐப்பசி மழையில் கத்தரியும் மிளகாயும் இப்படித்தான் கொத்தாகப் போகின்றன.

பெட்டியின் உயரம் இதில் பெரிய விஷயம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். அடியில் தங்கும் ஈர அடுக்கின் கனம் மண் கலவையைப் பொறுத்தது, பெட்டியின் உயரத்தைப் பொறுத்ததல்ல. ஆகவே ஆழமான பெட்டியில் வேருக்குக் காற்றோட்டமான இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. கீரைக்கு அரை அடி போதும். தக்காளிக்கு ஒன்றேகால் அடியாவது வேண்டும்.

துளைகளைச் சுண்டுவிரல் நுழையும் அளவில், அடிப்பலகை முழுக்க ஒரு சாணுக்கு ஒன்றாகப் போடுங்கள். மேலே ஒரு துண்டு கொசுவலை விரித்தால் மண் வெளியேறாது. பெட்டியைத் தளத்தில் அப்படியே உட்காரவைத்தால் துளைகள் அடைபட்டுப்போகும், பலகையும் உளுத்துவிடும். நாலு மூலையிலும் செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். வெறும் தோட்டமண் இறுகிவிடும். செம்மண், மக்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால் காற்றும் ஈரமும் சேர்ந்தே நிற்கும். நார்க்கழிவு நீரை அதிகம் பிடிக்கும் என்பதால் மழைக்காலத்துக்கு அதைக் கொஞ்சம் குறைத்து, அந்த அளவுக்குப் பருமணல் சேர்க்கலாம்.

ஏற்கெனவே ஜல்லி போட்ட பெட்டி இருந்தால், அடுத்த பட்டத்துக்கு மண் மாற்றும்போது ஜல்லியை அள்ளிவிட்டு, அந்த நாலு விரல் உயரத்தையும் மண்ணுக்கே கொடுங்கள்.