பெட்டியைக் கொடுத்தால் பாதி டிக்கெட்!

1980களின் கடைசியில் நியூயார்க்கிலிருந்து லண்டன் கிளம்பும் ஒரு விமானம். வரிசையில் இருக்கும் எல்லோரும் முழு டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மட்டும் அதில் பாதியோ, மூன்றில் ஒரு பங்கோதான் கொடுத்திருக்கிறார். அவர் விமான கம்பெனி ஊழியரும் இல்லை, பெரிய இடத்துப் பிள்ளையும் இல்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியராக இருக்கலாம், ஊர் சுற்றும் ஆசையுள்ள கல்லூரி மாணவராக இருக்கலாம். அவரிடம் இருப்பது ஒரு தோள்பை, கூடவே ஒட்டி மூடிய ஒரு காகித உறை. அவ்வளவுதான் லக்கேஜ்.

அவருக்குப் பெயர் 'ஏர் கூரியர்'. விமானம் ஏறும் பயணிக்குப் பெட்டி கொண்டுபோகும் உரிமை உண்டல்லவா? அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போகும் பல விமானங்களில் அப்போது தலைக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 32 கிலோ வரை. அந்த உரிமையை அவர் ஒரு கூரியர் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். பதிலுக்குக் கம்பெனி அவருடைய டிக்கெட் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது.

'சரக்கு அனுப்ப சரக்குப் பிரிவு இருக்கிறதே, எதற்கு இந்தச் சுற்றுவழி?' என்று கேட்கலாம். காரணம், நேரம். சரக்காகப் போட்டால் முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இடம் இல்லையென்றால் அடுத்த விமானத்துக்குத் தள்ளிவிடுவார்கள். இறங்கிய ஊரில் சுங்கத்துறையின் சரக்குக் கிடங்கில் நாள்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். பயணியின் பெட்டி அப்படியில்லை. அவர் ஏறும் விமானத்தில் ஏறும், அவர் இறங்கும்போது இறங்கும், அன்றே சுங்கச் சோதனை முடிந்து வெளியே வரும். வங்கிக் காசோலைகள், வழக்குக் காகிதங்கள், கம்ப்யூட்டர் டேப், இயந்திர உதிரிபாகம் என்று ஒருநாள் தாமதமானாலும் நஷ்டம் தரும் சமாசாரங்களுக்கு ஒரு டிக்கெட் விலை பெரிய காசே இல்லை.

இன்று உலகம் முழுக்க மஞ்சள் வண்டி ஓட்டும் டி.ஹெச்.எல். கம்பெனியின் பிறப்பே இதில்தான். 1969ல் சான் பிரான்சிஸ்கோவில் அட்ரியன் டால்சி, லாரி ஹில்ப்ளோம், ராபர்ட் லின் என்ற மூன்று பேர் தொடங்கினார்கள். மூவரின் பெயர் முதலெழுத்துகள்தான் கம்பெனியின் பெயர். ஹில்ப்ளோம் அப்போதுதான் பெர்க்லியில் சட்டம் படித்து முடித்திருந்தார். அவர்கள் பிடித்த நூல் சின்னது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய் தீவுகளின் ஹொனலூலுவுக்குக் கப்பலில் சரக்கு போகப் பல நாளாகும். கப்பல் போய்ச் சேர்ந்த பிறகுதான் காகிதங்களைப் பார்த்து சுங்க வேலையை ஆரம்பிப்பார்கள். அதுவரை கப்பல் துறைமுகத்தில் சும்மா நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. காகிதங்களை மட்டும் விமானத்தில் முன்னாடியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்? கப்பல் வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்! ஆரம்பத்தில் மூவருமே பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு பறந்தார்கள். வேலை பெருகியதும், 'டிக்கெட் இலவசம், பெட்டி மட்டும் எங்களுடையது' என்று ஆள் சேர்த்தார்கள்.

ஹவாய்க்கு ஓசியில் போய்வரச் சொன்னால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

இது பெரிய ஏற்பாடாக வளர்ந்தது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தைச் சுற்றியும், லண்டன் ஹீத்ரோவைச் சுற்றியும் கூரியர் கம்பெனிகள் முளைத்தன. அந்தக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்க நியூயார்க்கில் 'நவ் வாயேஜர்' போன்ற முகவர்கள் இருந்தார்கள். ஆண்டுச் சந்தா கட்டினால், எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் ஆள் தேவை என்று சொல்வார்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால் கம்பெனிக்குத்தான் நெருக்கடி. நாளைக்குக் கிளம்பத் தயார் என்று பெட்டி கட்டி வைத்திருப்பவருக்குக் கொண்டாட்டம். ஏறக்குறைய இலவசமாகவே பறந்தவர்கள் உண்டு.

வேலை என்று பார்த்தால் ஒன்றும் கிடையாது. விமான நிலையத்தில் கம்பெனியின் ஆள் வந்து டிக்கெட்டையும் காகித உறையையும் கொடுப்பார். உறைக்குள் 'மேனிஃபெஸ்ட்' எனப்படும் சரக்குப் பட்டியல் இருக்கும். எந்தப் பொட்டலம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, உள்ளே என்ன என்பதெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருக்கும். பெட்டிகளை அவர்களே செக்-இன் செய்துவிடுவார்கள். பயணி தன் பெயரில் போகும் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். போய் இறங்கும் ஊரில் இன்னொரு ஆள் காத்திருப்பார். உறையை அவரிடம் கொடுத்தால் கதை முடிந்தது. அப்புறம் லண்டனோ, டோக்கியோவோ, ஊர் சுற்ற வேண்டியதுதான்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. திரும்பும் தேதியைக் கம்பெனிதான் சொல்லும். பெரும்பாலும் ஒரு வாரம், சில இடங்களுக்கு இரண்டு வாரம். ஊர் பிடித்துவிட்டது, நாலு நாள் சேர்த்து இருக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒழுங்காகத் திரும்பி வருவார் என்பதற்கு முன்பணம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் ஐரோப்பா போகிறவர் கோட்டு, கம்பளி எல்லாவற்றையும் உடம்பிலேயே போட்டுக்கொண்டு ஏற வேண்டியதுதான். எல்லாவற்றையும்விடச் சங்கடம், ஒரு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரே கூரியர். தேனிலவுக்குப் போகும் ஜோடிகூட கணவன் இன்று, மனைவி நாளை என்று தனித்தனியாகப் பறக்க வேண்டும். இதையும் பொறுத்துக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள் என்றால் மிச்சமான பணம் எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலின் அச்சாணி, 'ஆளும் பெட்டியும் ஒன்றாகப் போக வேண்டும்' என்பது. அதன் பின்னால் ஒரு பெருந்துயரமும் இருக்கிறது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்து அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டி வான்கூவரில் ஏற்றப்பட்டது. பெட்டிக்குரியவர் விமானம் ஏறவே இல்லை. 1988ல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகர் மீது பான் ஆம் விமானம் வெடித்ததும் பயணி இல்லாமல் வந்த பெட்டியால்தான். ஆள் ஏறாவிட்டால் பெட்டியையும் இறக்கிவிட வேண்டும் என்ற விதி உலகம் முழுக்க இறுகியது.

இந்தப் பாதி டிக்கெட் சுகம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஃபேக்ஸ் வந்தபோதே காகிதக் கட்டு இளைத்தது. மின்னஞ்சல் வந்ததும் காணாமலே போனது. பெரிய கூரியர் கம்பெனிகள் சொந்த விமானங்களையே பறக்கவிட்டன. சுங்கத்துறைகள் கம்ப்யூட்டருக்கு மாறி, ஆள் கூட வராத பொட்டலத்தையும் வேகமாக விட ஆரம்பித்தன. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் முன்பின் தெரியாத பெட்டிகளை ஏற்றுவது யாருக்கும் உவப்பாக இல்லை. போதாக்குறைக்கு, மலிவு விலை விமான நிறுவனங்களும் இணைய முன்பதிவும் வந்து சாதாரண டிக்கெட்டே இறங்கிவிட்டது. இன்று 'ஏர் கூரியர் ஆகுங்கள், உலகம் சுற்றுங்கள்' என்று யாராவது உறுப்பினர் கட்டணம் கேட்டால், பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குமே? ஆமாம், நம் ஊர் 'குருவி'! விஜய் நடித்து 2008ல் படமே வந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக உருவான சென்னை பர்மா பஜாரில் சிங்கப்பூர் டேப்-ரெக்கார்டரும் வாட்சும் சென்ட் பாட்டிலும் குவிந்ததற்குக் குருவிகளும் ஒரு காரணம். 1991க்கு முன்பு வெளிநாட்டுப் பொருட்களை இறக்குமதி செய்ய ஆயிரம் கட்டுப்பாடு; வரியும் எக்கச்சக்கம். முதலாளி டிக்கெட் எடுத்துக் கொடுப்பார், குருவி போய்விட்டு மூட்டையோடு திரும்பும், கையில் ஒரு கூலி. நியூயார்க் கூரியர் செய்ததும் பார்வைக்கு இதேதான். அவர் கையில் பட்டியல் இருந்தது, பொறுப்பேற்க ஒரு கம்பெனி இருந்தது. குருவியின் கையில் எதுவும் கிடையாது. சொந்த உபயோகத்துக்கு என்று சொல்லித்தான் கொண்டுவர வேண்டும். மாட்டினால் முதலாளியை யாரென்றே தெரியாது. டேப்-ரெக்கார்டர் காலம் போய் தங்கம் வந்த பிறகு, பிடிபடும் குருவிக்குக் காத்திருப்பது வழக்கும் சிறையும்தான்.

தங்கமாவது பரவாயில்லை என்று சொல்ல வைக்கும் ஆபத்து ஒன்று இருக்கிறது. 2019ல் மும்பையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதிக்கு உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கத்தார் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தார். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர் செலவு. கிளம்பும்போது, அங்கே ஒருவரிடம் சேர்த்துவிடும்படி ஒரு பொட்டலமும் கொடுத்தார். தோஹா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நாலு கிலோ ஹஷிஷ். இருவருக்கும் தலா பத்து ஆண்டு சிறை. அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி. குழந்தை சிறையில்தான் பிறந்தது. இந்தியாவில் இருந்த குடும்பத்தார் போதைப்பொருள் தடுப்புப் பிரிவிடம் முறையிட்டு, விசாரணையில் உண்மை வெளிவந்து, தூதரகம் வரை போய்ப் போராடி, 2021ல் மேல்முறையீட்டில் விடுதலையாகிக் குழந்தையோடு ஊர் திரும்பினார்கள். அத்தனை பேர் ஓடியாடி உழைக்க முடிந்ததால் நடந்தது அது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

சிங்கப்பூர் சட்டப்படி 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு வரை போகும். பெட்டி யார் கையில் இருக்கிறதோ, உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. ஒரு சின்ன விஷயம்கூட உண்டு: நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவுக்கு வளைகுடா நாடுகள் பலவற்றிலும் சிங்கப்பூரிலும் தடை. இங்கே டாக்டர் எழுதிக் கொடுக்கும் சில வலி மாத்திரைகளும் அங்கே போதைப்பொருள் பட்டியலில் இருக்கின்றன. பக்கத்து வீட்டு மாமி மகனுக்குக் கொடுத்தனுப்பும் மசாலாப் பொட்டலம் என்றாலும் பிரித்துப் பார்த்து, நாமே திரும்பக் கட்டி எடுத்துப் போவதில் தப்பே இல்லை. மாமி இரண்டு நாள் கோபித்துக்கொள்வார், அவ்வளவுதானே.

ஏர் கூரியர் அடியோடு அழிந்துவிடவும் இல்லை. ஒரு கார் தொழிற்சாலையில் சின்ன பாகம் ஒன்று வராமல் மொத்த உற்பத்தியும் நின்றால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்திலேயே பறக்க ஆட்கள் இருக்கிறார்கள். அது இப்போது சம்பளத்துக்குச் செய்யும் முழுத் தொழில். சலுகை டிக்கெட் பேச்செல்லாம் அங்கே கிடையாது.

அதைவிட அவசரமான சரக்கு ஒன்று உண்டு: ரத்த ஸ்டெம் செல். ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்கள் உள்ளவர்களுக்கு, மரபணு பொருந்தும் இன்னொருவரின் ஸ்டெம் செல் தேவைப்படும். பொருந்தும் ஆள் குடும்பத்திலேயே கிடைக்காவிட்டால் உலகம் முழுக்கத் தேட வேண்டும். இதற்கென்று முதல் பதிவேடு 1974ல் லண்டனில் உருவானது. ஷெர்லி நோலன் என்ற தாய் தன் மகன் ஆண்டனிக்காகத் தொடங்கியது. மகனுக்குப் பொருத்தமான ஆள் கிடைக்கவே இல்லை; 1979ல் அவன் இறந்துபோனான். அவன் பெயரில் அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'தாத்ரி' 2009ல் தொடங்கப்பட்டது.

கொடையாளர் ஒரு நாட்டில் இருப்பார், நோயாளி இன்னொரு நாட்டில். நடுவே ஒரு கூரியர். பல நாடுகளில் இவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். பயணச் செலவை அமைப்பு கொடுக்கும், கூலி கிடையாது. கையில் ஒரு குளிர்பெட்டி. உள்ளே பொதுவாக 2 முதல் 8 டிகிரி வெப்பநிலை. பெட்டியை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விடக்கூடாது. அதற்கான கடிதத்தைக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்ல வேண்டும். பெட்டியைச் செக்-இன் செய்வதும், தலைக்கு மேல் தட்டில் வைத்துவிட்டு மறப்பதும் ஆகாது. வழியில் மது கூடாது. எடுத்த செல்களை 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் உடலில் ஏற்றிவிடுவதே வழக்கம்.

அங்கே மருத்துவமனையில் அந்த நோயாளிக்குக் கடும் மருந்து கொடுத்து, அவருடைய சொந்த எலும்பு மஜ்ஜையை ஏற்கெனவே அழித்து முடித்திருப்பார்கள். பெட்டி வராவிட்டால் அவருக்குத் திரும்பிப் போக வழியில்லை. விமானம் ரத்தானால், பனி கொட்டினால், இணைப்பு விமானம் தவறினால் என்ன செய்வது என்று கூரியர் கிளம்பும் முன்பே மாற்று வழி எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள்.

பெட்டியை ஒப்படைத்து, வெப்பமானியின் பதிவைக் காட்டிக் கையெழுத்து வாங்கியதும் அவர் வேலை முடிந்தது. நோயாளியின் பெயரோ, கொடுத்தவரின் பெயரோ அவருக்குச் சொல்லப்படுவதில்லை; பெட்டியின் மேல் இருப்பது எண்கள் மட்டும். ஊர் சுற்ற நேரமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ராத்திரி ஹோட்டலில் தூங்கிவிட்டு, காலையில் அடுத்த விமானம் பிடித்து வீடு திரும்புகிறார்.