விசா இல்லாதவருக்கும் சட்டம் உண்டு

2023 டிசம்பர் 21. பிரான்சின் மார்ன் மாவட்டத்தில், வத்ரி விமான நிலையத்தில் எரிபொருள் நிரப்ப இறங்கிய விமானம் ஒன்றைப் பொலிஸ் தடுத்து நிறுத்தியது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து நிக்கராகுவாவுக்குப் போய்க்கொண்டிருந்த அதில் 303 இந்தியர்கள் இருந்தார்கள். ஆட்கடத்தலாக இருக்கலாம் என்று பெயர் சொல்லாத ஒருவர் தகவல் கொடுத்திருந்தார். பயணிகளில் தமிழ் பேசுவோரும் இருந்ததாகச் செய்திகள் வந்தன. 276 பேர் மும்பைக்குத் திரும்பினர். 25 பேர் பிரான்சிலேயே அடைக்கலம் கோரினர்.

ஆட்கடத்தல் என்றதும் மனத்தில் எழுவது இப்படியொரு விமானம், அல்லது படகு, லொறி. காசு வாங்கிக்கொண்டு எல்லை கடத்துவதும் குற்றம்தான். ஆனால் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 225-4-1ஆம் பிரிவு பேசும் மனித வணிகத்துக்கு எல்லையே தேவையில்லை. மிரட்டியோ, ஏமாற்றியோ, ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்தியோ வேலைக்குச் சேர்த்து, தங்கவைத்துச் சுரண்டினால் போதும். பாரிஸ் புறநகரான ஆர்ஜொந்தெயில் ஓர் அறைக்கும், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சமையலறைக்கும் நடுவிலேயே அது நடந்துவிடலாம். தண்டனை 7 ஆண்டு சிறை, 150,000 யூரோ அபராதம்.

லா சப்பலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஸ்த்ராஸ்பூர் பெருந்தெரு இருக்கிறது. அங்கே 57ஆம் இலக்க அழகு நிலையத்தில் 2014இல் 18 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆப்பிரிக்கர்களும் சீனர்களுமான அவர்களுக்கு வதிவிட அனுமதி இல்லை. பேசிய சம்பளமும் வரவில்லை. சே.ஜே.தே. தொழிற்சங்கம் பக்கத்தில் நிற்க, மிரட்டல்களுக்கு நடுவே மாதக்கணக்கில் கடையை விட்டு நகராமல் இருந்தார்கள். மறு ஆண்டு விசா கிடைத்தது. 2018 பெப்ரவரியில் பாரிஸ் நீதிமன்றம் அங்கே நடந்தது மனித வணிகமே என்று தீர்ப்பளித்தது. ஒளிந்து வாழ வேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்களே வழக்கை வென்றார்கள் என்பதைத் தமிழர்கள் அவசியம் அறிய வேண்டும்.

2025 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு. சாம்பாஞ் திராட்சை அறுவடையில் 50க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைக் கேடான நிலையில் தங்கவைத்து வேலை வாங்கிய மூவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதுவும் அதே மார்ன் மாவட்டத்தில்தான்.

தமிழருக்குள் இதைப் பேசுவது கடினம். முதலாளி பல வேளை 'அண்ணா'வாகவோ 'மாமா'வாகவோ இருப்பார். வந்த அன்று படுக்க இடம் கொடுத்தவராக இருப்பார். ஊரில் காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் கட்டிய கடன் தலைக்கு மேலே நிற்கும். குறைந்த சம்பளம் எல்லாமே மனித வணிகம் ஆகாது. ஆனால் கடவுச்சீட்டை ஒருவர் பூட்டிவைத்து, கடனென்று சம்பளத்தைப் பிடித்து, "பொலிசுக்குச் சொல்லுவன்" என்று மிரட்டினால், அது உதவியென்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது.

அப்போது என்ன செய்யலாம்? அவசரமென்றால் 17 அல்லது 112ஐ அழைக்கலாம். தங்க இடமில்லையென்றால் 115. பாதிக்கப்பட்டவர் என்று கருதப்படுபவருக்கு யோசித்து முடிவெடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் நாடு கடத்த முடியாது. சுரண்டியவருடன் தொடர்பை அறுத்து, முறைப்பாடு செய்தால் அல்லது சாட்சி சொன்னால், வேலை செய்யும் உரிமையுடன் ஓராண்டு வதிவிட அட்டை கிடைக்கும். குற்றவாளிக்கு இறுதித் தண்டனை உறுதியானால் 10 ஆண்டு அட்டை.

விசா இல்லாமல் செய்த வேலைக்கும் சம்பளம் கேட்கலாம். அதற்குப் புறுதோம் என்னும் தொழில் நீதிமன்றம் ஆர்ஜொந்தெயிலேயே இருக்கிறது. வழக்கறிஞருக்குக் காசில்லை என்ற தயக்கமும் இனி வேண்டாம்: வதிவிட அனுமதி இல்லாதவர்களுக்கு அரச சட்ட உதவியை மறுப்பது அரசமைப்புக்கு முரண் என்று 2024 மே 28இல் அரசமைப்பு மன்றம் சொல்லிவிட்டது. வேலை நேரம் குறித்த வாட்ஸ்அப் செய்திகள், வேலையிடப் படங்கள், நாட்குறிப்பு எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவருக்கு உடனுக்குடன் அனுப்பிவைப்பது நல்லது. தொலைபேசி பறிபோனாலும் அவை இருக்கும். பொலிசில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உரிமை. முதலாளிக்கு வேண்டிய ஒருவரை மட்டும் அதற்குக் கூட்டிப்போகக் கூடாது.