கார் கண்ணாடிப் பூச்சு ஏன் சீக்கிரம் பாழாகிறது?

ஏழாயிரம்பண்ணை, சாத்தூர் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் அடுப்படி போல அனல் அடிக்கும். கரிசல் மண் தூசி கண்ணாடியில் மாவாகப் படிந்திருக்கும். இந்த வெயிலுக்காகவும், நம் வீட்டுப் பெண்களின் வசதிக்காகவும் பலர் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுகிறோம். மழைநீர் நிற்காமல் வழிய முன்கண்ணாடிக்குத் திரவப் பூச்சும் போடுகிறோம். இரண்டையும் கெடுப்பதில் நாம் துடைக்கும் முறைக்கும் பங்கு உண்டு.

ஃபிலிம் என்பது கண்ணாடியின் உள்பக்கம் பசையால் ஒட்டப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். வீட்டு ஜன்னலுக்கு வாங்கும் கண்ணாடி கிளீனர்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அது அழுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் ஃபிலிமையும் பசையையும் அரிக்கும். நாளடைவில் நிறம் வெளுத்து, குமிழ் கிளம்பும். சில சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரும், மென்மையான மைக்ரோஃபைபர் துணியுமே போதும். புதிதாக ஒட்டிய ஃபிலிம் காய்வதற்குள் கண்ணாடியை இறக்கினால் ஓரம் சுருண்டுவிடும். கடைக்காரர் சொல்லும் நாள்வரை பிள்ளைகளின் கை பட்டனுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பூச்சின் எதிரி காய்ந்த தூசி. தண்ணீர் விடாமல் வைப்பரைப் போட்டால், தூசியிலுள்ள மணல் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அந்தக் கீறல்களில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறி இரவில் கண் கூசும். குடும்பத்தோடு போகும்போது இது சின்ன விஷயமல்ல. உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் கழுவினால், வெயிலில் காயவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். வெள்ளைத் திட்டு படிந்துவிட்டதே என்று பாத்ரூம் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். மழைத்துளி முத்தாக உருளாமல் பரவி நின்றால், பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பின்கண்ணாடியில் 'மாஷா அல்லாஹ்' ஸ்டிக்கர் ஒட்டுவது நம்மிடம் வழக்கம். சில கார்களில் அங்கே பனிமூட்டம் போக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் உண்டு. பழைய ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டினால் கோடும் சேர்ந்து போகும். அல்லாஹ்வின் பெயரைச் சுரண்டிக் கீழே போடவும் யாருக்கும் மனம் வராது. ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டினால் முழுசாக உரிந்து வரும்.

எவ்வளவு கருப்பு கூடும்? 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கருப்பு ஃபிலிமையே தடை செய்தது. 2021 ஏப்ரலில் அமலான விதித் திருத்தத்தைக் காட்டி, வரம்புக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. வரம்பு இதுதான்: முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். உள்ளே இருப்பவரை முழுதாக மறைக்கும் ஃபிலிம் இதில் அடங்காது. நம் ஊர்ச் சாலையில் போலீஸ் நிறுத்தினால் பேச்சு நீளும். ஒளி அளவு குறித்த ரசீதை வாங்கி காரிலேயே வைத்திருங்கள்.