சிவப்பு விளக்கு எரிந்தால் காரை நிறுத்து!
"சாப்" கார் வைத்திருப்பவர்கள் படும் பாடு

கையில் சாவி இருக்கும். போட இடம் தெரியாது!

அமெரிக்காவில் இறக்குமதியான சுவீடன் நாட்டு "சாப்" கார்களில் முதல் தடவை ஏறுகிறவர்கள் இப்படித்தான் திண்டாடுவார்கள். பல மாடல்களில் சாவித் துவாரம் ஸ்டியரிங் பக்கத்தில் இல்லை. முன் சீட்டுகளுக்கு நடுவே, கியர் அருகில் இருக்கிறது.

விபத்தில் டிரைவரின் முழங்கால் சாவியில் மோதக்கூடாது என்பதே காரணம். ஆனால் காபி கொட்டினால் நேரே துவாரத்துக்குள் போய்விடும்!

மஞ்சள் விளக்கு

சொந்தக்காரர்கள் கூடினால் அடுத்த பேச்சு எச்சரிக்கை விளக்கு பற்றித்தான்.

அமெரிக்காவில் 1996-ம் ஆண்டு மாடல் முதல், புகைக் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு கார்களில் கட்டாயம். கோளாறு என்றால் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியும். பெட்ரோல் டேங்க் மூடி லூசாக இருந்தால்கூட எரியும். மூடியை இறுக்கினால், சில நாள் ஓடியபின் தானே அணைந்துவிடும்.

ஆனால் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஆபத்து. எஞ்சினில் எரியாத பெட்ரோல், புகைக் குழாயில் உள்ள விலை உயர்ந்த கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும்.

எமன் விளக்கு

எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்குதான் எமன். ஆயில் அழுத்தம் போச்சு என்று அர்த்தம். "வீடு பக்கம்தானே, போயிடலாம்" என்று ஓட்டினால் எஞ்சின் காலி! உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும்.

காரைச் செய்த கம்பெனியோ 2011-ல் திவாலாகிவிட்டது. இருக்கும் எஞ்சினைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் இதே கணக்குதான்: மஞ்சள் என்றால் மெக்கானிக்கிடம் காட்டு, சிவப்பு என்றால் நிறுத்து!