உணர்ச்சி காட்டும் இயந்திரங்கள்

இயந்திரம் என்றால் நெல்லுக் குத்துவது, நூல் நூற்பது, பாரம் தூக்குவது என்றே நாம் எண்ணி வளர்ந்தோம். இன்றோ, தடவினால் கண்மூடி மகிழ்வதும் கவனியாதுவிட்டால் முனகுவதுமான இயந்திரங்கள் விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றுக்கு உணர்ச்சி உண்டா என்று மாணவர் கேட்பதுண்டு. இல்லை. ஆயினும், இல்லாத உணர்ச்சியை இருப்பதுபோற் காட்டுதல் தகுமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இதனைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் ஜோசப் வைசன்பாம். 1936இல் பேர்லினை விட்டுக் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குச் சென்ற யூதச் சிறுவர். நம்மைப் போன்றே நாடிழந்தவர். பின்னாளில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றி, 1966இல் 'எலைசா' என்னும் கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டெழுதும் சொற்களைப் புரட்டி வினாவாகத் திருப்பித் தருவதன்றி அதற்கு வேறொன்றும் தெரியாது. அந்நிரல் உருவானதை மாதக்கணக்காக அருகிருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே அதனுடன் சிறிது உரையாடியதும், வைசன்பாமை அறையைவிட்டு வெளியே போகும்படி கேட்டுக்கொண்டார்! வெறும் எழுத்துக்கே இத்துணை ஆற்றலெனில், விழியும் உரோமமும் குரலும் சேர்ந்தால் என்னாகும்?

யப்பானியப் பொறியியலாளர் தக்கனோரி சிபாத்தா ஆக்கிய 'பாரோ' இதற்குத் தக்க சான்று. அது வெள்ளைக் கடல்நாய்க் குட்டியின் வடிவினது. நாயாகவோ பூனையாகவோ செய்திருந்தால் மக்கள் உண்மைப் பிராணியுடன் ஒப்பிட்டுக் குறை காண்பர். கடல்நாயுடன் பழகியோர் மிகச் சிலரே. தொடுகை, ஒளி, ஒலி ஆகியவற்றை உணரிகள் அறிய, உள்ளிருக்கும் கணினி இமைகளையும் துடுப்புகளையும் அசைக்கின்றது. 2009இல் அமெரிக்கா இதனை மருத்துவக் கருவியாக ஏற்றது. டென்மார்க் முதலிய நாடுகளின் இல்லங்களில் நினைவு மங்கிய முதியோர் இதனை மடியில் வைத்துத் தடவி ஆறுதல் பெறுகின்றனர்.

இதனை ஏமாற்று என்று அறவே தள்ளிவிட நம்மால் இயலவில்லை. பிற்காலத்திற் கற்ற மொழி மறந்து, தமிழ் மட்டுமே நாவில் எஞ்சிய நம் தாய்மாருக்கு, அயல்மொழி பேசும் பணியாளரைவிட மொழியே பேசாத இக்குட்டி நெருக்கமாகத் தோன்றலாம். ஆனால், "அம்மா அமைதியாக இருக்கிறா" என்று கேட்டு, ஞாயிறுதோறும் சென்ற நாம் மாதமொருமுறை மட்டும் செல்வோமாயின், அங்கே ஏமாற்றுபவர் நாமே.

சிறுவர் நிலை வேறு. மரப்பாச்சிக்குப் பிள்ளைதான் குரல் கொடுக்கின்றது. அலுத்தால் மூலையில் வைத்துவிடும். உணர்ச்சி காட்டும் இயந்திரமோ தானே பிள்ளையை அழைக்கின்றது. அமெரிக்காவில் சிறுவருக்குத் தோழனாக விற்கப்பட்ட 'மொக்சி'யைத் தயாரித்த நிறுவனம், நிதியின்மையால் மூடப்படுவதாக 2024 டிசெம்பரில் அறிவித்தது. மொக்சியின் பேச்சு தொலைவிலுள்ள கணினிகளை நம்பியிருந்தமையால், தோழன் வாயடைத்துப் போகும் நிலை வந்தது. இதைப் பிள்ளைகளிடம் எவ்வாறு சொல்வதென்று பெற்றோர் தவித்தனர். காட்டப்பட்ட அன்பு போலியாயினும் பிள்ளைகள் வடித்த கண்ணீர் மெய்.

எளிதில் ஏமாறக்கூடியோரை மயக்கிச் சுரண்டும் வகையில் றோபோக்களை அமைத்தலாகாது என்று 2010இல் பிரித்தானிய அறிஞர் குழுவொன்று நெறி வகுத்தது. நெறி நன்று. எனினும் நான்கு வயதுக் குழந்தைக்கு அது இயந்திரமெனக் கடைக்காரர் விளக்கப்போவதில்லை. ஆகவே பெற்றோரே, வாங்குமுன் கேளுங்கள்: விளையாட்டை நிறுத்திப் பிள்ளை எழும்போது இது என்ன சொல்லும்? பிள்ளை கூறும் இரகசியங்கள் எங்கே பதியப்படும்? நிறுவனம் மூடப்பட்டால் இது பேசுமா?