கிராமப்புறப் பெண் கல்வி: தமிழ்நாட்டில் தடைகளும் தீர்வுகளும்

கிராமப்புறப் பெண் குழந்தைகளின் படிப்பு பெரும்பாலும் ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்கு மாறும் கட்டத்தில்தான் நின்றுபோகிறது. தொடக்கப் பள்ளி ஊரிலேயே இருக்கும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பக்கத்து ஊரில் இருக்கும். கல்லூரியோ நகரத்தில் இருக்கும். பெண் வளர வளரப் பள்ளி தூரமாகிக்கொண்டே போகிறது. பருவமடைதல், வீட்டுவேலை, திருமணப் பேச்சு ஆகியவையும் அதே வயதில் வந்து சேர்கின்றன. எனவே, எந்தத் தடை எந்த வயதில் வருகிறது என்பதை அறிந்து செய்யப்படும் உதவியே பலன் தருகிறது.

தூரம்

சென்னையின் மேற்குப் புறநகரான திருமுல்லைவாயிலில் வசிக்கும் மாணவிக்கு அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ செல்ல மின்சார ரயில் உண்டு. ரயில் பாதையை விட்டு விலகிய கிராமங்களில் ஒரு பேருந்து தவறினால் அன்றைய வகுப்பே போய்விடும். இருட்டும் முன் மகள் வீடு திரும்ப வேண்டும் என்ற பெற்றோரின் கவலையும் இதனுடன் சேர்கிறது.

இத்தடையை மிதிவண்டி பெருமளவு குறைத்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், எழுத்தறிவுடன் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுத் தந்தது. பெண் மிதிவண்டி ஓட்டுவது கேலிக்குரியது என்ற எண்ணம் அங்கு மாறியது. 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிய தமிழ்நாடு அரசு, பின்னர் அதைப் பிற மாணவ மாணவியருக்கும் விரிவுபடுத்தியது. பீகாரில் 2006-இல் தொடங்கிய இதே போன்ற திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள், உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை சுமார் 32 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டறிந்தனர். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் இந்தப் பலன் அதிகம்.

பருவ வயது

கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத பள்ளியில் மாதவிடாய் நாட்களைக் கழிப்பது கடினம். மாதந்தோறும் சில நாட்கள் விடுப்பு எடுக்கும் மாணவி பாடங்களில் பின்தங்குகிறார். பிறகு படிப்பையே விடுகிறார். இதற்காகவே, 2011-இல் அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டத்தில் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் வழங்கப்பட்டது.

திருமணமா, கல்லூரியா?

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் (1883–1962) பெயரில் 1989-இல் திருமண உதவித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்களுக்கு 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. பின்னாளில் கல்வித் தகுதியும் தொகையும் உயர்ந்தன. தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. மகளைப் படிக்க வைக்கவும் 18 வயதுவரை காத்திருக்கவும் இத்திட்டம் பெற்றோருக்கு ஒரு காரணம் தந்தது. ஆனால் உதவி திருமணத்தின்போதுதான் கிடைத்தது. கல்லூரிச் செலவுக்கு அது உதவவில்லை.

2022-இல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. 'புதுமைப் பெண்' என்ற பெயரில் அது 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் தொடங்கிவைக்கப்பட்டது. 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, பட்டம், பட்டயம் அல்லது தொழிற்பயிற்சி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவரது வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. 2024 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இதைப் பெறுகின்றனர். தொகை சிறிதுதான். ஆயினும் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கை நீட்டத் தேவையில்லாத நிலையை அது தருகிறது.

தொடரும் தடை

18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். அத்தகைய ஏற்பாடு நடப்பதை அறிந்த எவரும் 1098 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். அந்தப் பெண்ணே அழைக்கலாம். தொடர்ந்து சில நாட்கள் வகுப்புக்கு வராத மாணவியை முதலில் கவனிப்பவர்கள் தோழிகளும் ஆசிரியர்களுமே. அவர்கள் உடனே விசாரித்தால், நின்றுபோகவிருந்த ஒரு படிப்பைக் காப்பாற்ற முடியும்.